கிணற்றுக்குள் வந்த நீலக்கல்

கருங்கல் உடைகிற நொடியில் ஒரு வாடை வரும். வெடிமருந்தின் வாடை வேறு, அது மூக்கை அடைக்கும். இது தீக்குச்சியை உரசி அணைத்த பிறகு விரலில் மிஞ்சுகிறதே, அதைப் போன்ற ஒரு தீய்ச்சல், ஆனால் குளிர்ந்த தீய்ச்சல். எங்கள் தெருவில் வேலை முடிந்து வருகிற ஆட்களின் சட்டையில், தலைமயிரில், சாப்பாட்டுத் தூக்கில்கூட அது இருக்கும். இன்று நான் திண்டிவனம் பக்கத்தில் சாலை போடும் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். லாரியில் வருகிற ஜல்லியில் கொஞ்சம் எடுத்து இரும்புக் குவளையில் போட்டு, மேலிருந்து சம்மட்டியை விழவிட்டு, எவ்வளவு மாவாகிறது என்று நிறுத்துப் பார்த்து, இந்தக் கல் ஆகும், இது ஆகாது என்று சொல்வது என் வேலை. குவளையைத் திறந்தால் அதே வாடைதான் வருகிறது, எனக்கு உடனே எங்கள் தெருக் கிணறு ஞாபகம் வருகிறது.

கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயிலையும் சிற்பத்தையும் பற்றி எழுதுகிறார்கள். எழுதட்டும். நான் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் காலனி. அதற்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. மலை என்று பெயர்தான். பெரிய பாறைமேடு, மேலே நாலு வேலிக்காத்தான் புதர். அதன் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துக் குவாரி ஓடியது, கொஞ்சம் தள்ளி ஜல்லி அரைக்கிற கிரஷர். ஆண்கள் குவாரிக்குப் போவார்கள், பெண்கள் கிரஷருக்குப் போவார்கள். காடு கழனி யாருக்கும் கிடையாது. என் நைனாவின் அண்ணன், ஏழுமலைப் பெரியப்பாதான் குவாரியில் டிரில் ஓட்டுகிறவர். குழி எங்கே போட வேண்டும், எந்தப் பக்கம் பிளக்கும் என்று அவர் சொன்னால் முதலாளியே வாயை மூடிக்கொள்வார். அவரிடம் கல்லுக்கு வகை கேட்டால் மூன்றே வகை சொல்வார்.

"கூலி குடுக்கிற கல்லு, கைய ஒடைக்கிற கல்லு, வீணாப் போன கல்லு. அவ்ளோதான்."

கூலி கொடுக்கிற கல்லுக்கு எங்கள் தெருவில் "நீலம்" என்று பெயர். புதிதாக உடைத்த முகத்தில் லேசாக நீலம் ஓடும், எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும். கையை உடைக்கிற கல் என்றால் வெள்ளை வெள்ளையாக வரி ஓடுகிற "வரிக்கல்". அதில் டிரில் வழுக்கிக்கொண்டு போய் மணிக்கட்டைப் பெயர்க்கும். வீணாய்ப் போனது "அழுகல்". பார்த்தால் கல் மாதிரியே இருக்கும், வரி இருக்கும், மினுக்கம் இருக்கும், கையில் எடுத்துப் பிசைந்தால் கேப்பைப் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். மழையும் வெயிலும் கல்லையும் அழுக வைக்கும்.

எட்டாம் வகுப்புப் புத்தகத்திலும் மூன்று வகைதான் இருந்தது. குழம்பு குளிர்ந்து இறுகியது தீப்பாறை. மணலும் சேறும் ஆற்றிலும் கடலிலும் படிந்து படிந்து கெட்டியானது படிவுப்பாறை. இந்த இரண்டில் ஒன்று பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டி வேறு ஆளாக மாறினால் உருமாறிய பாறை. டீச்சர் வகைக்கு ஒரு கல் கொண்டுவரச் சொன்னார். படிவுப்பாறைக்கு நான் திருவக்கரைப் பக்கம் இருந்த அத்தை வீட்டிலிருந்து ஒரு சிவப்பு மணற்கல் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்து மணற்கல்லில் மரமே கல்லாகிக் கிடக்கும்; பட்டை தெரியும், முடிச்சுத் தெரியும், அத்தை அதன்மேல் துணி காயப்போட்டிருப்பாள். உருமாறியதற்கு வரிக்கல். தீப்பாறைக்கு எங்கள் நீலம். டீச்சர் மூன்றுக்கும் "சரி" போட்டார். நீலம் தீப்பாறை இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் பூமியின் அடியில் வெந்து நசுங்கி மாறின கல்தான். மலைக்கு அந்தப் பக்கம் வெட்டிப் பாலிஷ் போட்டு ஏற்றுமதி செய்தார்களே "கருப்பு கிரானைட்", அதுதான் பாறை வெடிப்புகளில் குழம்பு ஏறி இறுகின அசல் தீப்பாறை. அதையும் கிரானைட் என்று சொல்லக்கூடாது, வியாபாரத்துக்காக வைத்த பெயர் அது. பளபளப்பு வந்தால் எல்லாமே அவர்களுக்குக் கிரானைட்.

புத்தகத்தில் கல் எப்படிப் பிறக்கிறது என்பது இருந்தது. எப்படி அழுகுகிறது என்பது எங்கள் டீச்சர் நடத்தாமல் தாண்டிப் போன பக்கத்தில் இருந்தது. எங்களுக்கு அந்தப் பக்கம்தான் தேவைப்பட்டது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதாவது படிக்கத் திண்டிவனம் போக வேண்டும், அதற்குக் காலையில் ஒரே ஒரு பஸ். அந்த பஸ் வருகிற நேரமும் தண்ணீர் எடுக்கிற நேரமும் ஒன்று. நான் எட்டாவது முடிக்கும்வரை நாங்கள் ஊரில் ஒருவருடைய பம்புசெட்டில்தான் குடம் பிடித்தோம். எங்கள் ஆட்கள் அவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகாமல் குவாரிக்குப் போய்விட்டார்கள் என்று அவருக்குக் கோபம். குவாரியில் கூலி அதிகம், போனார்கள், இதில் என்ன தப்பு? அந்த வருடம் மோட்டார் கொட்டகையைப் பூட்டி, வாய்க்காலுக்கு முள் போட்டுவிட்டார். கேட்கப்போன பெண்களிடம், "கல்லு ஒடைக்கப் போனீங்க இல்ல, போய் கல்லுலயே தண்ணி புடிச்சிக்குங்க" என்று சொன்னார். என் அம்மா அஞ்சலை அந்தப் பெண்களில் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை ஒருமுறை சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

மிச்சமிருந்தது பழைய குவாரிப் பள்ளம். பச்சைத் தண்ணீர். கல்லில் கொத்தின படிகளில் பாசி. இடுப்பில் குடத்தோடு ஏறி வருவதற்குள் பஸ் போய்விடும். அம்மா விடிவதற்கு முன்னால் கிரஷருக்குப் போகிறவள். தண்ணீருக்கு வேறு ஆள் இல்லை. நான் அழுதபோது அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"கெணறு வந்தா இஸ்கூலு. வரலன்னா கொடம். இதுல அழுவுறதுக்கு இன்னா இருக்குது?"

கிணறு தோண்டுவது என்று தெருவே முடிவு செய்திருந்தது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் புறம்போக்கில் இடம் பார்த்து, குவாரி வேலை முடிந்து வந்த ஆண்கள் சாயங்காலம் இறங்கி வெட்டினார்கள். பெண்கள் கப்பியில் கயிறு போட்டு மண் கூடையை இழுத்தார்கள். நானும் இழுத்தேன், உள்ளங்கை கிழிந்தது. செம்மண் போனது, சரளைக்கல் கலந்த மொரம்பு போனது, அதற்கடியில் அழுகல் வந்தது. மஞ்சளும் சாம்பலுமாக, கடப்பாறை போட்டால் சொத்தென்று உள்ளே போகிற அழுகல். ஆழம் போகப் போக அது ஈரமாக வந்தது. கூடையில் வந்த மண்ணை அம்மா கையில் பிடித்துப் பார்ப்பாள், பிடி நிற்கும். எனக்கு உள்ளுக்குள் பஸ் ஹாரன் கேட்டது.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தபோது ஒரு சாயங்காலம் உள்ளேயிருந்து கடப்பாறை கிண் என்றது. இன்னொரு தட்டு, மறுபடி கிண். கிணற்றுக்குள் இருந்த பையன் ஒருவன் கத்தினான்: "நீலம் வந்துடுச்சி."

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபத்தோடு சிரிப்பு வருகிறது. குவாரியில் புதிதாக ஓர் இடத்தை வெட்டி, மேல்மண்ணும் அழுகலும் போய், நல்ல நீலம் முகம் காட்டினால் சூடம் ஏற்றித் தேங்காய் உடைப்பது வழக்கம். கூலி நிச்சயம் என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கள் ஆட்களின் கை தானாக வேலை செய்தது. விசில் அடித்தார்கள். ஒருவர் ஓடிப்போய்க் கோயிலிலிருந்து தேங்காய் எடுத்து வந்தார். பெரியப்பா சூடத்தை ஏற்றிக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கினார், கீழே இருந்தவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். தேங்காய் உடைந்தது. எல்லோருக்கும் முகமெல்லாம் பல்.

அம்மா கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்: "ஏன் மாமா, நமக்குத் தண்ணி வேணுமா, ஜல்லி வேணுமா?"

கிணற்றைச் சுற்றி நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கையில் வைத்திருந்த தேங்காய்ச் சில்லைக் கடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்.

பெரியப்பா இறங்கினார். சுத்தியலால் நாலு இடத்தில் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். மேலே வந்து சொன்னார்: "அடியில மண்ணு வச்சிக்கினு தொங்குற கல்லுன்னா டொக்குன்னும். இது கிண்ணுங்குது. தாய்ப்பாற. இதுக்குக் கீழ வெட்டறது வேல இல்ல. வெடி வச்சா இருக்குற ஈரமும் எங்கியோ ஓடிப் பூடும். வுட்டுடுங்க." அவர் சொன்னால் அந்தத் தெருவில் அப்பீல் கிடையாது. குவாரியில் நீலம் வந்துவிட்டால் அடிவரைக்கும் நீலம்தான். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அது. மறுநாள் சாயங்காலம் ஆண்கள் யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை.

அம்மா போனாள். நைனா, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முனகினார். அம்மா கடப்பாறையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, "உங்க அண்ணனுக்குக் கல்லு தெரியும். எனக்குக் கொடம் தெரியும்" என்றாள்.

அவளுக்குக் கல்லைப் பற்றி ரகசியம் எதுவும் தெரிந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். எதுவும் தெரியாது. கிணற்றின் அடியை ஏறக்குறைய முழுசாக நீலம் அடைத்திருந்தது, வடக்கு ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு அழுகல் மிச்சம் இருந்தது. கடப்பாறை எங்கே போகிறதோ அங்கே வெட்டுவது, அவ்வளவுதான் அவள் கணக்கு. அவளோடு கிரஷரில் வேலை செய்த பெண்கள் இரண்டு பேர், பிறகு இன்னும் சிலர், கயிறு பிடிக்க வந்தார்கள். பெரியப்பா கோயில் பக்கம் பீடி குடித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார்.

"இன்னா அஞ்சல, பாறையச் சுத்திக் கோலம் போடறியா?"

"ஆமாம் மாமா. முடிச்சிட்டுக் கூப்புடறேன், வந்து பூசணிப் பூ வையி."

சிரிப்பு மேலே. கீழே அம்மா இருமுகிற சத்தம். அந்த ஒரு முழச் சந்தில் குனிய இடமில்லை. குந்தி உட்கார்ந்து, கடப்பாறையை நெஞ்சோடு அணைத்துக் குத்த வேண்டும். மண்ணைக் கையால் வாரிப் போடுவாள். நான் கூடையை இழுத்துக் கொட்டிவிட்டு எட்டிப் பார்ப்பேன், அவள் தலைமயிர் மட்டும் தெரியும். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனது. என் பழைய பாவாடையை எடுத்து யாரோ ஒருத்தி சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவளுக்குச் சும்மாடு எதற்கு என்று நான் அதைப் பிரித்து உதறிக் கொடியில் போட்டேன்.

ஒரு சாயங்காலம் கூடை வெகுநேரம் கீழேயே இருந்தது. குனிந்து கூப்பிட்டேன். அம்மா பதில் சொல்லாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பயந்து போனேன். பிறகுதான் பார்த்தேன், அவள் வலது கை தோள்வரைக்கும் கல்லுக்கு அடியில் போயிருந்தது. கையை வெளியே இழுத்தாள். விரலெல்லாம் கறுப்புச் சேறு, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏ குட்டி, உங்க பெரிப்பாவ இட்டுக்கினு வா. கல்லு வயிறு காட்டுது."

பெரியப்பா வந்தார், உள்ளே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். நீலத்தின் முகம் நேராகக் கீழே போகாமல் உள்பக்கமாக வளைந்து போயிருந்தது. அவர் சூடம் காட்டி, தாய்ப்பாறை என்று சொன்னது ஒரு பெரிய உருண்டை. அழுகலுக்கு நடுவில் அழுகாமல் தங்கிய கல். அதன் வயிற்றுக்கு அடியில் ஈர அழுகல், அங்கேதான் தண்ணீர் ஊறியது. இவ்வளவு பெரிதானால் தொங்குகிற கல்லும் கிண் என்றுதான் சொல்லும் என்பதைக் குவாரி அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கிணறு வெட்டுகிற ஆட்கள் யாராவது இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். நாங்கள் குவாரிக்காரர்கள், செய்தோம்.

பெரியப்பா அப்போது தன் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தியது வேறு காரணத்துக்காக.

"மேல ஏறு நீ மொதல்ல. அடி மண்ண நோண்டி வச்சிருக்குற. உருண்டுச்சின்னா நீ சட்னி. ஏறு, ஜல்தி."

அம்மா ஏறி வந்தாள். பிறகு அந்தக் கிணறு பெரியப்பாவுடையதானது. பனந்துண்டுகளை வெட்டிக் கல்லுக்கு முட்டுக் கொடுத்தார். டிரில் வைத்தால் அதிர்ச்சியில் கல் இறங்கும் என்று, உளியால் வரிசையாகக் குழி கொத்தி இரும்பு ஆப்புகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தட்டினார். எங்கள் தெரு முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. கல் பிளந்த சத்தம் பெரிதாக இல்லை, ஒரு பெருமூச்சு மாதிரிதான் இருந்தது, உடனே அந்த வாடை மேலே ஏறி வந்தது. ஒரு பாதியைத் துண்டு போட்டு வெளியே எடுத்தார்கள். இன்னொரு பாதி சுவரோடு மண்ணில் கெட்டியாகப் பிடித்திருந்தது, அதை அப்படியே விட்டார்கள். அடியில் வெட்டினார்கள். விடிந்து பார்த்தபோது முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது, கலங்கலாக.

கயிறு பிடித்த பெண்களில் ஒருத்தி ஊர்ப் பக்கம் திரும்பி, "கல்லுலயே புடிச்சிட்டோம்னு சொல்லுங்கடி அந்தாளுகிட்ட" என்றாள். பெரியப்பா முதல் வாளியை இழுத்து அம்மாவின் குடத்தில் ஊற்றினார். "போட்டியே கோலம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் குடத்தை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன், பாவாடையில் பாதி நனைந்திருந்தது.

பிறகு விழுப்புரத்தில் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். அங்கே ஒரு வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். பூமிக்குள் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு இருக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி நாலா பக்கமும் கல்லை அரிக்கும். மூலைகள் முதலில் அழுகும், வெங்காயம் மாதிரித் தோல் தோலாக உரியும், நடுவில் உருண்டையாக ஒன்று மிஞ்சும். நான் கையைத் தூக்கி, எங்கள் கிணற்றில் அது இருக்கிறது என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். செஞ்சி மலையில் குண்டு குண்டாக, யாரோ அடுக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றனவே, அவையும் இந்த ஜாதிதான். சுற்றியிருந்த அழுகலை மழை கழுவிக்கொண்டு போக, வெளியே வந்தவை. எங்களுடையது இன்னும் வெளியே வராத குண்டு. செஞ்சிக் குண்டுகளைச் சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போன கூட்டம்தான் நாங்கள், ஆனாலும் தேங்காய் உடைத்தோம்.

இப்போது அந்த மலை இல்லை. இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. மலை எங்கே போனது என்று எனக்குத் தெரியும், நீங்கள் சென்னைக்குப் போகும்போது அதன்மேல்தான் போகிறீர்கள். பெரியப்பாவும் இல்லை. டிரில் கிளப்பின தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. காசநோய் என்று வெகுநாள் மாத்திரை கொடுத்தார்கள், கடைசியில்தான் கல்தூசி என்று சொன்னார்கள். ஒரு முகமூடி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எந்த அதிகாரியும் கேட்கவில்லை. படிவுப்பாறைக்குப் புத்தகத்தில் ஆற்றையும் கடலையும் உதாரணம் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் கேட்டால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். 

கிணறு இருக்கிறது. தெருவில் குழாய் வந்தபின் யாரும் இறைப்பதில்லை, குப்பை விழுந்திருக்கிறது. கோடையில் குழாய் காற்றை விடும், அப்போது மட்டும் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். ஆபத்து, பயன்பாட்டில் இல்லை, மூடிவிட்டு மேலே ஒரு கூடம் கட்டலாம் என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் ஒரு டிப்பர் வந்து கிணற்றோரம் பின்பக்கமாக நின்றது. கிரஷர் கழிவு, தூசியும் உடைசலும். அம்மாவுக்கு இப்போது முதுகு நிமிராது. கம்பை ஊன்றிக்கொண்டு போய் டிப்பருக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"இன்னாம்மா, நவுரு. கொட்டிட்டுப் போவணும்" என்றான் டிரைவர்.

"எங்களுக்குத் தண்ணிதான் வேணும் தம்பி, ஜல்லி வேணாம். ஏத்தினத அப்படியே எடுத்துக்கினு போ."

"கொட்டச் சொன்னாங்கம்மா. என்ன ஏன் பேஜாரு பண்ற?"

"சொன்னவன வரச் சொல்லு. வந்து கீழ எறங்கச் சொல்லு."

அவன் யாருக்கோ போன் போட்டான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வருவான், அல்லது வேறு வண்டி வரும். அதற்குள் வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தூர் வாருகிறோம். கயிறு வாங்கியாகிவிட்டது. பிளந்த முகத்தைக் காட்டிக்கொண்டு அந்தப் பாதிக் கல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. முதலில் இறங்கப் போவது நான்.